லாடாவின் மேல்கோட்டில் வந்தவர்

டோலினா, நெப்ராஸ்கா
2 மார்ச் 1954

தம்பி லாடாவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் நீ செய்தது. சாகக் கிடந்த நம் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், உன் பெயரைச் சொல்லி உட்காருவதற்கு, சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஓர் ஆளை அனுப்பினாய். உன் மேல்கோட்டு, உன் தொப்பி, மூன்று நாள். நான் இதைத் தவறு என்கிறேன். உங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர் இருந்தால் எழுது.

ரயிலிலிருந்து இறங்கும்போது தூரத்தில் நீயேதான். பத்தடி நெருங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்காமலே வண்டியில் அவர் உண்மையைச் சொன்னார். பெயர் வெர்ன் டில்மன். உன் பதிலாள். படம் எடுக்குமுன் விளக்குகளைச் சரிசெய்யும்போது, உனக்குப் பதிலாக அந்த இடத்தில் நிற்பாராம். எல்லாம் சரியானதும் அவர் விலகிக்கொள்வாராம், நீ வந்து நிற்பாயாம். பதினெட்டு வருஷமாக இதுதான் வேலை. "இங்கயும் அதே ஏற்பாடுதானா? அவன் எப்ப வந்து நிக்கப் போறான்?" என்று கேட்டேன். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அம்மாவை உன்னால் ஏமாற்ற முடியவில்லை. டில்மன் கிளம்பிய அன்று என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளைக்கு வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்பினியா? யாரு பெத்ததோ, பாவம்" என்றாள். நான்கு நாள் கழித்துப் போய்விட்டாள். அடக்கத்துக்கு நீ அனுப்பிய லில்லி மலர்கள் வந்தன.

ஊரோ நீ வந்து போனதாகவே நம்புகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் டில்மனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நம் வாசலில் அவரை எடுத்த படம் பத்திரிகையில் வந்துவிட்டது. அதைப் பெரிதாக்கி, சினிமாக் கொட்டகைக்காரர் போஸ்பிஷில் தன் கொட்டகை முகப்பில் மாட்டியிருக்கிறார். சாலையில் எல்லாரும் என் கையைக் குலுக்கி, என்ன இருந்தாலும் பெற்ற பிள்ளை வந்தானே என்கிறார்கள். தலையாட்டிவிட்டு நடக்கிறேன். தவறு உன்னுடையது, தலைகுனிவு என்னுடையது.

குளிரில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. மற்றபடி சுகம். நீ சுகமா?

போஹுமில் கூபாட்

*

ஹாலிவுட், கலிஃபோர்னியா
15 மார்ச் 1954

அன்புள்ள ரசிகருக்கு,

தங்கள் நலம் நாடுகிறோம். தாங்கள் எழுதிய அன்பான கடிதம் திரு. லாயிட் மெரிக் அவர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. தாங்கள் விரும்பியபடி அவர் கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்று இத்துடன் வருகிறது. அடுத்த படத்தையும் குடும்பத்துடன் கண்டு களிக்க வேண்டுகிறோம்.

லாயிட் மெரிக் ரசிகர் கடிதப் பிரிவு

*

டோலினா
22 மார்ச் 1954

லாடா,

உன் படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அண்ணன் எழுதும் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவும் அங்கே ஒரு பதிலாள் இருக்கிறாரா? உறையின் மேல் இந்தத் தடவை நம் அப்பா வைத்த பெயரை எழுதியிருக்கிறேன். லாடிஸ்லாவ் கூபாட் என்று அங்கே யாராவது இன்னும் இருந்தால் அவர் பிரிக்கட்டும்.

நான் சுகம்.

போஹுமில்

*

ஹாலிவுட்
10 ஏப்ரல் 1954

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். சவாரிக் காட்சிகளுக்குப் பிறகு நான் தடவிக்கொள்வது. கெட்ட வாடை, ஆனால் கேட்கும்.

அந்தப் புகைப்படத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வாரத்துக்கு மூன்று மூட்டைக் கடிதங்கள் வருகின்றன. அந்தப் பெண்கள் உறையைக் கிழித்ததும் ஒரு படத்தைச் செருகிவிடுவார்கள். உங்கள் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். நான்கு தடவை படித்தேன்.

என்னால் வர முடியவில்லை, அண்ணா. மொன்டானாவில் பனியில் படப்பிடிப்பு. நான் நகர்ந்தால் இருநூறு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அம்மா கடைசியாக என்னைப் பார்த்தது அப்பாவின் அடக்கத்தன்று. பதினோரு வருஷம். வாசலில் என்னைப் போல ஒருவனைக் கண்டாலே அவள் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். வெர்னுக்கு என் உயரம், என் தோள், என் தலைமயிர். முதுகைப் பார்த்து என் இரண்டாவது மனைவியே ஏமாந்திருக்கிறாள். நான் தொப்பியை முழங்காலில் வைக்கும் விதம், தலையை இடப்பக்கம் சாய்க்கும் விதம் எல்லாம் சொல்லித் தந்தேன். என்னத்தில் பிடிபட்டார்? அம்மா எதைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்?

நீங்கள் ரயில் நிலையத்திலேயே தெரிந்துகொண்டீர்கள். பிறகு ஏன் அவரை வீட்டுக்குள் விட்டீர்கள்? அங்கேயே திருப்பி அனுப்பியிருக்கலாமே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாடா

*

டோலினா
18 ஏப்ரல் 1954

தம்பி லாடாவுக்கு,

தைலம் வந்தது. வாடையைப் பற்றி நீ சொன்னது உண்மை.

உன்னைப் போல ஒருவனைக் கண்டால் போதும் என்று எழுதியிருக்கிறாய். பத்தொன்பது வயதில் கூடார நாடகக்காரர்களோடு போனாய். முதலில் கூட்டத்தில் நின்றாய், பிறகு குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். படம் பேச ஆரம்பித்ததும் உன் குரலைக் கேட்டு நாடே திரும்பிப் பார்த்தது. நாற்பத்தொரு படம். ஷெரிஃப், கப்பல் தலைவன், நீதிபதி என்று வேஷங்கள், பரிசாக ஒரு தங்கச் சிலை. இவ்வளவுக்குப் பிறகு ஒரு மனிதன் என்றால் தோளும் தொப்பியும் என்றுதான் அங்கே கற்றுக்கொண்டாயா?

அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் உன் நிறுவனத்தின் புகைப்படக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தினாய். அன்று உன்னை வெளியே போகச் சொல்லிக் கதவைக் காட்டியது நான்தான். அதற்காக நான் வருந்தவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. மூன்று நாளும் மதியம் டில்மனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னாள் அம்மா. மூன்றாம் நாள் அவள் சிரித்தது சமையலறை வரை கேட்டது. அவருக்குச் சாப்பாடு போட்டேனா என்று விசாரித்ததோடு சரி, அதன் பிறகு என்னிடம் தண்ணீர், தலையணை என்று கேட்டாளே தவிர, வேறு பேச்சு இல்லை. பதினோரு வருஷம் அவளுக்குச் சமைத்துப் போட்டவன் நான். கடைசியாக அவள் பேசிய பேச்செல்லாம் ஒரு வெளியாளிடம் போயிருக்கிறது. அவளிடமிருந்து அவர் எதைக் கேட்டுக்கொண்டு போனார்? விசாரித்து எழுது.

சுகம்.

போஹுமில்

*

ஹாலிவுட்
21 மே 1954

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமா?

வெர்ன் இப்போது என்னிடம் இல்லை. டோலினாவிலிருந்து திரும்பிய அன்றே வேலையை விட்டுவிட்டார். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அத நான் சொல்லக் கூடாதுங்க" என்று கோட்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். தொப்பியையும் வைத்துவிட்டார். பதினெட்டு வருஷத்தில் அவர் எனக்கு முடியாது என்று சொன்னது அது ஒன்றுதான். இப்போது எனக்குப் புதிய பதிலாள் ஒருவர் வந்திருக்கிறார். அந்த இடத்தில் வேறொருவர் நிற்பதைப் பார்க்க என்னவோ போலிருக்கிறது.

வெர்ன் அவருடைய தங்கை வீட்டில் இருக்கிறாராம், பேக்கர்ஸ்ஃபீல்டில். முகவரியை இந்தத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன். நீங்களே கேளுங்கள்.

என் இரண்டு கேள்விகளுக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை.

லாடா

*

டோலினா
30 மே 1954

திரு. டில்மன் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் உங்களுக்கு மரியாதைக் குறைவு ஏதும் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டியைப் பக்கத்து வீட்டு சொபோட்கா அம்மாளிடம் சொல்லி உங்களுக்காகவே செய்யச் சொன்னேன். அதனால் உரிமையோடு கேட்கிறேன். என் அம்மா உங்களிடம் என்ன சொன்னாள்? அது இந்த வீட்டுக்குச் சேர வேண்டியது. ஒரு வரி விடாமல் எழுதுங்கள்.

போஹுமில் கூபாட்

*

பேக்கர்ஸ்ஃபீல்ட், கலிஃபோர்னியா
20 ஜூன் 1954

மதிப்புக்குரிய கூபாட் ஐயா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலம் அறிய ஆவல். அந்த ரொட்டியை மறக்க முடியாது. அதைச் சாப்பிடும் தகுதியோடு நான் வரவில்லை என்பதையும் மறக்க முடியாது. தாங்கள் கேட்டபடி விடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் நியாயம்தான்.

முதல் நாள் கதவைச் சாத்தியதும், உங்கள் தம்பி சொல்லித் தந்தபடி தொப்பியை முழங்காலில் வைத்து, தலையை இடப்பக்கம் சாய்த்து உட்கார்ந்தேன். அம்மா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். பார்க்கட்டும் என்று அப்படியே வெகு நேரம் இருந்தேன். கடைசியில், "அம்மா, நான் லாடா வந்திருக்கேன்" என்றேன்.

"நீ லாடா இல்லப்பா" என்றார். குரலில் கோபமே இல்லை. "அவன் குரல் எனக்குத் தெரியும். அவன் படம் வந்தா சனிக்கிழமை தவறாம போஸ்பிஷில் கொட்டகைக்குப் போய்க் கேட்டுட்டு வருவேன். கண்ணு போய் ஆறு வருஷம் ஆச்சு, காது நல்லாத்தான் இருக்கு. நீ யாரு?"

பதினெட்டு வருஷம் விளக்குகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், ஐயா. என் உடம்பு அப்படிக் கூசியது இல்லை. நான் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது யாருக்காக? கண் இல்லை என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பெயரைச் சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். நிற்கிறது என்றேன். எங்கே நிற்பாய் என்றார். அவர் நிற்க வேண்டிய இடத்தில் என்றேன்.

"இங்க நிக்க வேணாம். உக்காரு" என்றார்.

இரண்டாம் நாள் கடிதங்களைப் பற்றிப் பேசினார். "கண்ணு போனதுலேருந்து நாலு தடவ எழுதச் சொன்னேன். என்னால உன்னைப் பாக்க முடியாது, வந்து கொஞ்சம் பேசிட்டாவது போன்னு. அதப் பத்தி ஒரு வார்த்த பதில் இல்ல. அவ்வளவு கல்லு மனசா அவனுக்கு?" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. வீட்டிலிருந்து கடிதம் வந்தால் உங்கள் தம்பி படப்பிடிப்பில் எனக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். எல்லாம் கேட்டிருக்கிறேன். சோள விளைச்சல், தேவாலயத்துக்குப் புது மணி, எல்லாரும் சுகம். கண்ணைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

அம்மா என் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, "போஹுமில் கையெழுத்து எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அச்சடித்த மாதிரி இருக்கும் என்றேன். "மூணாங் கிளாஸோட நிறுத்திட்டோம். மீதியெல்லாம் தானாக் கத்துக்கிட்டான்" என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார், ஐயா.

"அவன்கிட்ட நான் கேக்க மாட்டேன். கேட்டா எனக்கு ஊட்டுற கை நடுங்கும். நான் போனப்புறம் அவனாச் சொல்லட்டும். நீயும் முந்திக்காத" என்றார். அதனால்தான் உங்கள் தம்பியிடம் நான் வாய் திறக்கவில்லை. இன்றுவரை அவருக்குக் கண் விஷயம் தெரியாது.

மூன்றாம் நாள், லாடா இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டார். சொன்னேன். அதற்குத்தான் சிரித்தார். அது எந்த இடம் என்பதை உங்கள் தம்பிதான் சொல்ல வேண்டும்.

நான் இப்போது ஆரஞ்சுப் பழம் தரம் பிரிக்கும் இடத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் பெயரில் கையெழுத்துப் போட்டது என் மனசை அறுக்கிறது. வாய்ப்பிருந்தால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

வெர்ன் டில்மன்

*

டோலினா
29 ஆகஸ்ட் 1954

தம்பி லாடாவுக்கு,

நான்கு மாதமாக நான் உனக்கு எழுதவில்லை. சுகமாகத்தான் இருந்தேன். அறுவடையைக் காரணமாகச் சொல்ல நினைத்தேன். நம் நிலத்தில் இந்த வருஷம் அவ்வளவு வேலை இல்லை.

ஏப்ரலில் நீ கேட்டதற்குப் பதில். அம்மா எதையும் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. நாற்பத்தெட்டாம் வருஷம் அவளுக்குக் கண் போய்விட்டது. குரலைக் கேட்டுத்தான் அவர் நீ இல்லை என்று தெரிந்துகொண்டாள். பார்க்க முடியாத ஒருத்தியிடம் நீ உன் கோட்டையும் தொப்பியையும் அனுப்பினாய். உனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்தது நான்.

நான்கு தடவை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கண் போனதை எழுது என்றாள். எழுதுகிறேன் என்றேன். அந்த இடத்தில் சோளம் நன்றாக வந்திருக்கிறது என்று எழுதினேன். முடித்ததும் வாசித்துக் காட்டு என்பாள். அவள் சொன்னதை எழுதியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி வாசித்துக் காட்டினேன். தாளில் இல்லாததை வாசிக்க நான் உன்னிடம் பாடம் கேட்கவில்லை. எனக்கே நன்றாக வந்தது.

முதல் தடவை ஒரு காரணம் இருந்தது. தெரிந்தால் மறுபடியும் புகைப்படக்காரனோடு வருவாய், பார்வையில்லாத தாயின் கையைப் பிடித்தபடி நட்சத்திரம் என்று நாடு முழுக்கப் படம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற மூன்று தடவைக்கு அந்தக் காரணம் செல்லாது. சனிக்கிழமை ஆனால் நல்ல சால்வையை எடுத்துத் தரச் சொல்வாள். கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப் போவது நான். படம் முடிந்து வரும் வழி முழுக்க உன் பேச்சு. நீ நேரில் வந்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். அறுபத்திரண்டு வயது ஆள் நினைக்கிற நினைப்பு அல்ல. ஆனால் நினைத்தேன்.

டில்மனை ஏன் உள்ளே விட்டேன் என்று கேட்டாய். நிலையத்திலேயே திருப்பி அனுப்பியிருந்தால் உன் தவறு பாதியில் நின்றிருக்கும். எனக்கு அது முழுசாக வேண்டியிருந்தது. உன்மேல் வைத்திருந்த கோபத்துக்கெல்லாம் அது ஒரு சாட்சி மாதிரி இருந்தது. அதற்காக அம்மாவின் கடைசி வாரத்தைப் பயன்படுத்தினேன்.

அவளுக்கு என் காரியம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஐந்தாறு நாள் என் கையால் வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டில்மன் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்னை நலமா என்று கேட்க இப்போது எனக்கு வாய் வரவில்லை.

போஹுமில்

*

ஹாலிவுட்
24 அக்டோபர் 1954

அண்ணா,

என் கையாலேயே எழுதுகிறேன். கோணலாக இருக்கும். உங்கள் கடிதத்துக்கு எட்டு வாரமாகப் பதில் எழுதாததற்குக் கோபம்தான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். முதல் இரண்டு வாரம் கோபம்தான். இனி அவளிடம் பேசவே முடியாது என்பதை வைத்துக்கொண்டு உங்களை என்னவெல்லாமோ திட்டினேன். யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு இருந்தது வேறு.

மொன்டானாவில் பனி இருந்தது. படப்பிடிப்பு இல்லை. அது பிப்ரவரி ஆறாம் தேதியே முடிந்துவிட்டது. அந்த மூன்று நாளும் நான் ஓமஹாவில் இருந்தேன். உங்களிடமிருந்து ஒன்றரை மணி நேரம். வெர்னும் நானும் சேர்ந்துதான் அதுவரை வந்தோம். நடைமேடையில் என் கால் நகரவில்லை. அப்பாவின் அடக்கத்தன்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அந்த முகம்தான் கண்ணில் நின்றது. நீங்கள் போய்ப் பாருங்கள், அண்ணன் கதவைக் காட்டினால் உங்களுக்குத்தானே காட்டுவார் என்று வெர்னிடம் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். டோலினா மருந்துக் கடையிலிருந்து அவர் ஃபோன் செய்தார். "உள்ள விட்டுட்டாங்க. நீங்க உடனே கிளம்புங்க" என்றார். அவர் ஏற்கெனவே நானாக உள்ளே போயிருக்கும்போது, இரண்டாவதாக நான் எப்படி வந்து நிற்பது? மூன்று நாளும் அதையே யோசித்துக்கொண்டு ஹோட்டல் அறையில் படுத்திருந்தேன். அம்மா செத்த பிறகு உங்கள் முன்னால் நிற்க இன்னும் கூசியது.

அவள் ஏன் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஆற்றில் இறங்குமுன் தண்ணீர் எவ்வளவு குளிர் என்று பார்க்க உங்களைத் தள்ளிவிட்டுக் கரையில் நிற்பேனே, அது ஞாபகம் வந்திருக்கும்.

நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. இப்போது அவற்றில் எந்த வரியில் அவள் இருக்கிறாள், எந்த வரியில் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

லாடா

*

டோலினா
7 நவம்பர் 1954

தம்பி லாடாவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. ஓமஹாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். உன்னை மன்னிக்கிறேன் என்று எழுதப் போவதில்லை, நீயும் எழுதாதே. இரண்டு பேருக்கும் அந்த யோக்கியதை இப்போதைக்கு இல்லை. வேலை இருக்கிறது. யார் யார் என்ன செய்வது என்று எழுதுகிறேன்.

டிசம்பர் நாலாம் தேதி சனிக்கிழமை அம்மாவின் கல்லறையில் கல் நடுகிறோம். அதற்கு இரண்டு நாள் முன்னால் நீ வர வேண்டும். தனியாக. ஓமஹாவில் இறங்கினாலும் மறுபடி ஏற வேண்டும். நான் நடைமேடையில் நிற்பேன். வீட்டுக் கதவை முதலில் திறப்பது என் வேலை. நீ நுழையும்வரை பிடித்துக்கொண்டு நிற்பதும் என் வேலை.

டில்மன் வர வேண்டும். அவருக்குத் தனியாக எழுதிவிட்டேன். ஆனால் கூட்டிக்கொண்டு வருவது உன் பொறுப்பு. அவர் அவருடைய கோட்டில் வரட்டும். தேவாலயத்தில் முதல் வரிசையில் நம்மோடு உட்காருவார்.

பத்திரிகைக்காரர் திருத்தம் போட வேண்டும். பிப்ரவரியில் வந்தது லாயிட் மெரிக் அல்ல, அவர் வரவில்லை, அது தெரிந்தும் அண்ணன் ஊரை நம்பவிட்டார் என்று. நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் தயங்குகிறார். வெள்ளிக்கிழமை நீ அவரைப் போய்ப் பார்த்து, போடச் சொல்ல வேண்டும். போஸ்பிஷில் தன் கொட்டகை முகப்பிலிருந்து அந்தப் படத்தை இறக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் டில்மன் தன் வாயால் பிள்ளைகளிடம் சொல்லட்டும். நீ பக்கத்தில் நில், பேசாதே. உன் குரலைக் கேட்டால் அவர்கள் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார்கள்.

நான் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வா. கல் நட்ட பிறகு, சமையலறையில் உட்காருவோம். நீ ஒவ்வொன்றாக உரக்க வாசிக்க வேண்டும். அவள் சொல்லாததை நான் எழுதிய இடம் வரும்போது நிறுத்தச் சொல்வேன். அங்கே அவள் என்ன சொன்னாள் என்று சொல்வேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதை நீ உன் கையால் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள். எவ்வளவு நேரம் ஆனாலும் கடைசிக் கடிதம்வரை போக வேண்டும். நடுவில், போதும் அண்ணா, விடுங்கள் என்று நீ சொல்லக் கூடாது.

நீ வாசித்து முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போகாமல் இருக்க வேண்டியது நான்.

போஹுமில்